அஞ்சரை மணி கழிக்கணும்

அண்ணாச்சி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி விடுங்க. தப்பா நினைக்காதீங்க. முன் சீட்டுக்காரர் அவிச்ச முட்டையை உரிச்சுக்கிட்டு இருக்காரு, பாத்தீங்களா? பஸ்ஸு இன்னும் தாழையூத்தைத் தாண்டல, அதுக்குள்ள முட்டை. திங்கிறவங்களைக் குறை சொல்லக் கூடாது, சரி. ஆனா அந்த வீச்சம் இருக்கே, எனக்கு ஓங்கரிச்சுக்கிட்டு வந்துரும். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். என் வீட்டுக்காரி சொல்லுவா, "ஒங்களை ஆண்டவன் படைக்கையில மூக்கை முதல்ல செஞ்சிட்டு, மிச்சம் இருந்த மண்ணுல மத்ததைச் செஞ்சிட்டான்"னு.

மதுரைக்குத்தான். ஆபீஸ் வேலையா. பாளையங்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரி. பேரு எதுக்கு, நூத்திருவது பெட்டு உள்ள ஆஸ்பத்திரி. அதுல கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான்தான் இன்சார்ஜ். பேரு ஆறுமுகநயினார். இருவத்திரெண்டு வருசம் ஆச்சு. எங்க டாக்டரய்யா மதுரையில புதுசா ஒரு கிளை திறக்காரு. அங்க ஒரு சர்வர் வந்து இறங்கியிருக்கு. அதைத் தயார் பண்ண என்னை அனுப்பியிருக்காரு. "நயினார் கை பட்டாத்தான் சுத்தமா இருக்கும்"னு அவரு வாயாலேயே சொன்னாரு.

ரிப்பேரா? பாத்தீங்களா, நீங்களும் அதையே கேக்கீங்க. மிக்ஸி ரிப்பேர், கிரைண்டர் ரிப்பேர் மாதிரி. ரிப்பேர் இல்ல அண்ணாச்சி. சொல்லுதேன் கேளுங்க. திருநெவேலிப் பக்கம் வளவு பாத்திருப்பீங்கல்லா? ஒரே வாசல், ஒரே கிணறு, உள்ள ஆறேழு குடும்பம். ஒவ்வொருத்தரும் தனி அடுப்பு, தனிக் கதவு. அது மாதிரிதான். முன்னால எங்க ஆஸ்பத்திரியில ஏழு பழைய கம்ப்யூட்டர் இருந்துச்சு. வார்டுக் குறிப்புக்கு ஒண்ணு, மருந்துக்கு ஒண்ணு, லேபுக்கு ஒண்ணு, இப்படி. போன சித்திரையில டாக்டரய்யா ஒரே ஒரு பெரிய மெஷின் வாங்கிப் போட்டாரு. அதுக்குள்ள ஒரு சாப்ட்வேர். அது இந்த ஒரு மெஷினையே ஏழு மெஷினாப் பிரிச்சுக் குடுக்கும். உள்ள இருக்கிற ஒவ்வொண்ணும் தான்தான் தனி மெஷின்னு நினைச்சுக்கிட்டுக் கெடக்கும். வெளிய நிக்கிற பெரிய மெஷினுக்கு ஹோஸ்ட்டுன்னு பேரு. ஹோஸ்ட்டு சரியா இருந்தா எல்லாம் சரி. கிணத்துல எலி விழுந்துட்டுன்னா எல்லா வீட்டுத் தண்ணியும் நாறும். அவ்வளவுதான் விசயம்.

அந்த சாப்ட்வேரை ஏத்துறது இருக்கே, அது ஒரு வேலையே இல்ல. இருவது நிமிசம். மதுரையில இருந்து கம்பெனிக்காரன் ஒருத்தன் வந்தான். பென் டிரைவ் குச்சியைச் சொருகினான், நாலு தடவை எண்டரைத் தட்டினான், முடிஞ்சிட்டு. ஒரு கையில வாழைக்கா பஜ்ஜி. அந்த எண்ணெய்க் கையோட கீபோர்டைத் தொடுதான், அண்ணாச்சி! நான் பின்னால நின்னு பாக்கேன். எஃப் எழுத்து மேல எண்ணெய் மினுமினுங்குது. அதே கையால மெஷினோட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டான், கையெழுத்து வாங்கிட்டு மத்தியானமே பஸ் ஏறிட்டான். அவன் போன பிறகு அந்தக் கீபோர்டை நான் ஸ்பிரிட் போட்டு ரெண்டு தடவை துடைச்சேன்.

ஏத்துன பிறகுதான் அசல் வேலையே. எவனுக்கும் அது தெரியாது. மெஷின் ஓடுது, லைட் எரியுது, முடிஞ்சிட்டுன்னு நினைப்பான். முடியல! அதுக்குப் பேரு வைக்கணும், நம்பர் குடுக்கணும். கம்பெனிக்காரன் போட்ட பாஸ்வேர்டைத் தூக்கணும். டிஸ்க்கைப் பங்கு போடணும். கேபிள் ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு தாங்குற மாதிரி ரெண்டாப் பிணைக்கணும். லைசென்ஸ் நம்பர் அடிக்கணும். யாரு உள்ள வரலாம், யாரு வரக் கூடாதுன்னு சொல்லி வைக்கணும். மணி சொல்லிக் குடுக்கணும். கரண்டு போயி வந்தா எந்த மெஷின் முதல்ல எந்திரிக்கணும், எது பின்னால எந்திரிக்கணும், அதையும் சொல்லணும். நான் ஒரு தாள்ல எல்லாத்தையும் எழுதி வச்சு, ஒவ்வொண்ணா டிக் அடிப்பேன். டிக் அடிக்காம நான் எந்திரிச்சதே கிடையாது.

ஆனா அந்த மெஷினை வச்ச ரூம் இருக்கே. ஐயோ. அந்த ரூமை நீங்க பாக்கணும். இல்ல, பாக்கக் கூடாது. ஏ.ஓ. பவுல்துரைன்னு ஒருத்தர் இருக்காரு, நிர்வாக அதிகாரி. அந்த ஆளுதான் இடம் ஒதுக்குனாரு. எங்க ஒதுக்குனாருங்கீங்க? அழுக்குத் துணி ரூமுக்கு அடுத்து! வார்டுல இருந்து வாரது பூரா அங்கதான் குவியும். பிரசவத் துணி, ஆபரேசன் துணி, வாந்தி எடுத்தது, மத்தது. நடுவுல தடுப்பு பிளைவுட்டு. சர்வருக்கு ஏ.சி. போட்டா, அந்தக் காத்தை இழுத்து இங்க ஊதுது. "சார், இது சர்வர் ரூமா, பிண ரூமா?"ன்னு கேட்டேன். அவரு பேனா மூடியால காதைக் குடைஞ்சுக்கிட்டே, "மெஷினுக்கு மூக்கா இருக்கு நயினார்?"ங்காரு. குடைஞ்சு எடுத்து அந்த மூடியைப் பாக்காரு வேற. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

சரி, மூக்குல கர்ச்சீப்பைக் கட்டிக்கிட்டு உள்ள போயி உக்காந்தேன். காலைல எட்டரைக்கு உக்காந்தவன். ஒவ்வொரு வேலையையும் கணக்காச் செஞ்சேன். நடுநடுவுல வெளிய வந்து மூச்சு வாங்கிட்டுப் போவேன். மணி வைக்கிற இடத்துக்கு வந்தேன். அது என்னன்னா, உள்ள இருக்கிற ஏழு மெஷினும் மணி என்னன்னு ஹோஸ்ட்டைத்தான் கேக்கும். ஹோஸ்ட்டு யாரைக் கேக்கும்? வெளிய இன்டர்நெட்ல மணி சொல்லுறதுக்குன்னே சர்வர் இருக்கு. அதைக் கேக்கும். முறை அதுதான். ஆனா அதுக்கு வெளிய போற வழியைத் திறக்கணும். திறக்க பவுல்துரை கையெழுத்துப் போடணும். அந்த ஆளு ரூமுக்குப் போயி, அந்தக் காதைப் பாத்துக்கிட்டு, அந்தப் பேனாவால கையெழுத்து வாங்கணும். நினைச்சாலே எனக்குக் கொமட்டிச்சு. கையாலேயே வச்சிருவோம், பிறகு பாத்துக்கிடலாம்னு வச்சேன்.

இதுல ஒரு விசயம் இருக்கு. அந்த மெஷினுக்கு நம்ம மணி புரியாது. உலகக் கணக்கு மணிதான் புரியும். நம்ம மணியில அஞ்சரை மணி நேரத்தைக் கழிச்சுப் போடணும். நான் வாட்சைப் பாத்தேன், பத்து நாப்பது. கழிச்சேன். அடிச்சேன். சரியா அந்த நேரம் பாத்து பக்கத்து ரூம்ல ஒரு மூட்டையைக் கொண்டாந்து தொப்புன்னு போட்டாங்க. பிளைவுட்டைத் தாண்டி வந்துச்சு பாருங்க ஒரு நாத்தம்... டிக் அடிச்சிட்டு வெளிய ஓடிட்டேன்.

வைகாசியில ஒரு நாள், மூணாவது வார்டு சிஸ்டர் ஒருத்தி வந்தா. ஜெபக்கனின்னு பேரு. நாசரேத்துப் பக்கம். முப்பது வயசு இருக்கும், ஒல்லியா இருப்பா. வியர்வையோட, பவுடர் திட்டுத் திட்டா, கையுறையைக் கழட்டாம என் மேசைக்கு முன்னால வந்து நிக்கா. எந்த நோயாளியைத் தொட்ட கையோ!

"சார், வார்டுக் குறிப்புல மணி தப்பாக் காட்டுது சார். பத்து மணி ஊசியைப் போட்டுட்டுப் பதிஞ்சா பதினொண்ணுன்னு விழுது"ங்கா.

"முதல்ல அந்தக் கையுறையைக் கழட்டிட்டு வா"ன்னேன்.

போயிக் கழட்டிட்டு வந்தா. மறுபடி அதையே சொல்லுதா. நான் நேரா அவ வார்டுக்கே போனேன், அண்ணாச்சி. கவனிச்சுக்கிடுங்க, போகாம இருக்கல. போயி அவ கம்ப்யூட்டர்ல மூலையில மணி பாத்தேன். பதினொண்ணு இருவது. என் வாட்சும் பதினொண்ணு இருவது. "எங்க தப்பு இருக்கு? கண்ணைத் திறந்து பாரு"ன்னேன்.

"அது இந்தக் கம்ப்யூட்டர் மணி சார். பதிவாகுற மணி வேற வருது. நான் ஒண்ணு பதிஞ்சு காட்டட்டுமா?"

எனக்குப் பாடம் எடுக்கா. நர்ஸு! சுத்தி நாலு நோயாளி பாத்துக்கிட்டு இருக்காங்க, ஒருத்தன் பெட்பான்ல உக்காந்திருக்கான். நான் அங்க நின்னு இவ பதியறதைப் பாக்கணுமாம். "புகார் நோட்டுல எழுதிக் குடு, பாக்கேன்"னுட்டு வந்துட்டேன். அவளும் எழுதினா. நல்ல கையெழுத்து, அதையும் சொல்லணும். தேதி போட்டு, மணி போட்டு, 'பதிவாகும் நேரம் ஒரு மணி நேரம் கூடுதலாக உள்ளது'ன்னு எழுதியிருந்தா. நான் அதுக்குக் கீழ 'சரிபார்க்கப்பட்டது. கோளாறு இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சரிபாத்தேன்ல? போயிப் பாத்தேன்ல? பொய்யா எழுதுனேன்? மத்த சிஸ்டருங்க எத்தனை பேரு இருந்தாங்க, அவங்க எல்லாம் வாயைத் திறந்தாங்களா? லேப் ரிப்போர்ட்டு தினம் எரநூறு போகுது, எவனாவது மணியைப் பாத்தானா? இவளுக்கு மட்டும்தான் கண்ணு.

ஆனி மாசம் ஒரு பெரியவர் வந்து சேந்தாரு. ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். எழுவத்தெட்டு வயசு, நுரையீரல் பூரா சளி. வரும்போதே பாதி போயிட்டாரு. நாலு நாள் கெடந்தாரு. அஞ்சாம் நாள் பகல் பதினொண்ணு அம்பதுக்கு உயிர் பிரிஞ்சிட்டு, டாக்டர் வாட்சைப் பாத்துத் தாள்ல குறிச்ச மணி அது. மகன் வக்கீல். அதுவரைக்கும் அப்பன் பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காந்திருப்பானான்னு கேளுங்க. செத்த பிறகு வந்து வராண்டாவுல நின்னு கத்துதான். எச்சி தெறிக்குது. "ஊசி குறிப்பு எல்லாம் எடுங்க, ஒண்ணு விடாம எடுங்க"ங்கான்.

டாக்டரய்யா என்னைக் கூப்பிட்டாரு. நான் வார்டுக் குறிப்பைப் பிரின்ட் போட்டுக் குடுத்தேன். சுத்தமா, தாள் மடங்காம, பின் அடிச்சு. பத்து மணிக்குப் போட வேண்டிய ஊசி, பதினொண்ணு அஞ்சுக்குப் பதிவாகியிருக்கு. போட்டது ஜெபக்கனி.

வக்கீல் அந்தத் தாளைத் தூக்கிக்கிட்டுக் குதிச்சான் பாருங்க. "ஒரு மணி நேரம் லேட்! முக்கா மணி நேரத்துல எங்கப்பா போயிட்டாரு! இதுக்கு யாரு பதில் சொல்லுவா?"

மறுநாள் விசாரணை. டாக்டரய்யா, பவுல்துரை, வக்கீல், செத்தவரோட சம்சாரம், நான். நடுவுல இவ நிக்கா. அழுதுக்கிட்டு. மூக்கு ஒழுகுது, துடைக்கவும் இல்ல. நர்ஸு, ஆஸ்பத்திரியில வேலை பாக்கிறவ, கையில ஒரு துணி வச்சுக்கிடக் கூடாது? நான் தரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

"நான் பத்து மணிக்கே போட்டேன்யா. பத்து அடிச்ச உடனே போட்டேன். மெஷின்ல மணி தப்பு"ங்கா.

அந்தப் பெரியம்மா, செத்தவரு சம்சாரம், பையச் சொல்லிச்சு: "பத்து மணிக் காப்பி வார முன்னாலயே அந்தப் பொண்ணு ஊசி போட்டுட்டாளே. நான் பாத்தேனே." மகன், "நீ சும்மா இரும்மா, ஒனக்கு என்ன தெரியும்"னு அதட்டுனான்.

டாக்டரய்யா என்னைப் பாத்தாரு. "என்ன நயினார், மெஷின்ல மணி தப்பா வருமா?"

நான் எந்திரிச்சு நின்னேன். "மனுசன் பொய் சொல்லுவான்யா. மெஷின் பொய் சொல்லாது"ன்னேன். நல்லாத்தானே சொன்னேன்? அப்ப எனக்குத் தெரிஞ்சது அதுதானே?

உடனே இவ, "அப்ப மத்த நாள் குறிப்பையும் எடுத்துப் பாருங்க சார். எல்லா நாளும், எல்லா ஊசியும் ஒரு மணி நேரம் லேட்டாத்தான் இருக்கும். அது எப்படி சார் இருக்க முடியும்?"ங்கா.

நான் சட்டுன்னு கேட்டேன், "அப்ப எல்லா நாளும் லேட்டாத்தான் போட்டிருக்கேன்னு நீயே ஒத்துக்கிடுதியா?"

வக்கீலே தலையை ஆட்டிட்டான். அவ என்னையே பாத்தா. அழுகை நின்னு போச்சு. "நோட்டுல எழுதுனேனே சார்"ன்னா. அதைப் பையத்தான் சொன்னா, எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. யாரும் என்ன நோட்டுன்னு கேக்கல. கேக்காத கேள்விக்கு நான் எதுக்குப் பதில் சொல்லணும்?

அன்னைக்கே அவளை அனுப்பிட்டாங்க. வக்கீலைச் சமாதானப்படுத்தணும்லா, யாராவது ஒருத்தரு போகணும். 'கடமையில் கவனக்குறைவு'ன்னு சர்ட்டிபிகேட்ல எழுதிட்டாரு பவுல்துரை. அதைக் காட்டுனா திருநெவேலியில ஒரு கிளினிக்ல கூட எடுக்க மாட்டான். எழுதிட்டு அதே பேனா மூடியை எடுத்துக் காதுக்குள்ள விட்டாரு. என்ன மனுசன்!

அதோட முடிஞ்சிருக்கும். அதுவரைக்கும் பழைய கம்ப்யூட்டர்லயே ஓடிக்கிட்டு இருந்த ஏழாவது மெஷினையும் ஆடி மாசம் ஹோஸ்ட்டுக்குள்ள கொண்டு வந்தேன். அது எங்க வருகைப் பதிவு மெஷின். விரலை வச்சா, யாரு எத்தனை மணிக்கு வந்தான்னு எழுதிக்கிடும். ஞாயித்துக்கெழமை மாத்தி முடிச்சேன். திங்கக்கெழமை காலைல எட்டு அம்பதுக்குப் போயி விரலை வச்சேன். ஒன்பது அம்பதுன்னு விழுது! சிவப்புல, 'தாமதம்'னு!

நானா? நான் லேட்டா? இருவத்திரெண்டு வருசத்துல, எங்கப்பா செத்ததுக்கு மறுநாளைத் தவிர, ஒரு நாள் ஒன்பது மணிக்கு மேல நான் உள்ள நுழைஞ்சது கிடையாது! எனக்கு ரத்தம் கொதிச்சிட்டு. திரும்பிப் பாத்தா வாட்ச்மேன் லேட்டு, லேப்காரங்க லேட்டு, பவுல்துரை லேட்டு. டாக்டரய்யாவே லேட்டு. பத்து நிமிசத்துல ஆஸ்பத்திரியே என் ரூம் வாசல்ல நிக்குது. கர்ச்சீப்பைக் கட்டிக்கிட்டு அந்த நாத்த ரூமுக்குள்ள ஓடுனேன்.

ஹோஸ்ட்டுல மணி ஒரு மணி நேரம் முன்னால நின்னுச்சு, அண்ணாச்சி.

அஞ்சரைக்குப் பதிலா நாலரையைக் கழிச்சிருக்கேன். பத்து நாப்பதுல அஞ்சரை போனா அஞ்சு பத்து. நான் ஆறு பத்துன்னு அடிச்சிருக்கேன். பக்கத்துல அழுக்குத் துணி மூட்டை விழுந்தா எவனுக்குக் கணக்கு வரும்? நீங்களே சொல்லுங்க. அந்த ரூமை எனக்குக் குடுத்தது யாரு? பவுல்துரை. வெளிய வழி திறக்கக் கையெழுத்துப் போட வேண்டியது யாரு? பவுல்துரை. கேட்டனான்னு கேக்காதீங்க. அந்த ஆளுகிட்ட எப்படிக் கேக்கிறது?

ரெண்டு நிமிசம். ரெண்டே நிமிசத்துல மணியைச் சரி பண்ணிட்டேன். ஏழு மெஷினும் கூடவே சரியாயிட்டு. கொஞ்ச நேரம் அங்கேயே உக்காந்திருந்தேன். நாத்தம்கூட அன்னைக்குத் தெரியல, என்னமோ. வெளிய வந்தா பவுல்துரை நிக்காரு.

"என்ன நயினார்?"

"கரண்டு ஏறி இறங்கியிருக்கு சார். மணி தள்ளிட்டு. சரி பண்ணிட்டேன்."

"எப்ப இருந்து?"

"இன்னைக்குத்தான் சார்."

அந்த ஆளு என்னையே பாத்தாரு. பிறகு, "நல்லது. அப்படியே எழுதிருங்க"ன்னுட்டுப் போயிட்டாரு. அப்படியே எழுதிட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் அந்தப் புகார் நோட்டை என் பைக்குள்ள போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். ஆபீஸ்ல எலித் தொல்லை. கண்டதையும் கடிச்சு வைக்கும்.

கிழிச்சிட்டேன்னு நினைக்கீங்களா? சீச்சீ. நான் அந்த மாதிரி ஆளு இல்ல. அழிக்கிறது, கிழிக்கிறது எல்லாம் ஈனத்தனம். பீரோவுல, என் சட்டைக்குக் கீழ பத்திரமா இருக்கு. ஒரு பக்கம்கூட மடங்கல.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கெழமை, காலைல. என் வீட்டுக்காரி அப்பதான் வாசல் வராண்டாவைப் பினாயில் போட்டுத் துடைச்சிட்டுப் போறா. தெருவுல பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்காங்க, ஒரே சகதி. கேட்டைத் திறந்துக்கிட்டு இவ வாரா. ஜெபக்கனி. அவ வீட்டுக்காரன் தெருவுல வண்டியோட நிக்கான், உள்ள வரல. செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறுனா, ஆனா காலு பூரா சகதி. துடைச்ச தரையில ஒவ்வொரு அடியும் அப்படியே பதியுது. எனக்கு அதைத் தவிர வேற எதுவும் கண்ணுல படல.

"சார், வருகைப் பதிவு மெஷின்ல எல்லாருக்கும் ஒரு மணி நேரம் கூடக் காட்டுச்சாமே. லேப்ல இருக்கிற பிள்ளைங்க சொன்னாங்க"ங்கா.

"அது கரண்டுக் கோளாறு."

"சார், நான் ஒண்ணும் சண்டை போட வரல. புகார் நோட்டுல எனக்கு அந்தப் பக்கம் மட்டும் ஒரு காப்பி எடுத்துக் குடுங்க சார். நான் எழுதுனது, நீங்க கீழ எழுதுனது. அது இருந்தா வேற எங்கயாவது வேலை கேட்டுக்கிடுவேன். உங்க பேரை மடிச்சு மறைச்சுக் கூடக் காப்பி எடுத்துக் குடுங்க. எனக்கு நான் எழுதுனது போதும்."

"அது ஆஸ்பத்திரி சொத்து. நான் எடுத்துக் குடுக்கக் கூடாது. ஏ.ஓ.வைப் போயிக் கேளு"ன்னேன். பின்னால பத்தடியில பீரோ இருக்கு. இருந்தா என்ன? சட்டம்னா சட்டம்தானே. வெளி ஆளுக்கு ஆபீஸ் நோட்டை எடுத்துக் குடுக்கலாமா?

"ஏ.ஓ. சார் நோட்டே காணோம்ங்காரு."

"அப்ப காணோம்தான்."

செருப்பை மாட்டப் போனவ திரும்புனா. பிறகு சொன்னா, "உங்ககிட்ட வந்து கேட்டாக் குடுத்துருவீங்கன்னு நினைச்சேன் சார். எங்க வார்டுல எல்லாரும் சொல்லுவோம், நயினார் சார் சுத்தமான ஆளுன்னு."

பாத்தீங்களா? வேலை போனவ, என் மேல கோவமா இருக்க வேண்டியவ, அவளே சொல்லுதா, நான் சுத்தமான ஆளுன்னு. வேற யாருகிட்ட சாட்சி கேக்கணும்?

அவ போன பிறகு அந்தக் கால்தடத்தை நானே துடைச்சேன். வீட்டுக்காரி கேட்டா, யாரு வந்தான்னு. சாக்கடைக்காரங்கன்னேன்.

அடுத்து ஐப்பசி. தீபாவளிக்குச் சேலை எடுக்கணும்னு என் வீட்டுக்காரி வண்ணாரப்பேட்டைக்கு இழுத்துக்கிட்டுப் போனா. பெரிய ஜவுளிக்கடை. கூட்டம்னா கூட்டம். அத்தனை பேரு வியர்வையும், புதுத்துணிக் கஞ்சி வாடையும், மேல சென்ட்டு வேற. நான் ஒரு தூணோரமா நிக்கேன். அங்க, கவுன்டருக்கு அந்தப் பக்கம், கடைக்காரங்க குடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கிட்டு இவ நிக்கா. என் வீட்டுக்காரிக்கு இவளைத் தெரியாதுல்லா. நேரா இவகிட்டயே போயி உக்காந்துட்டா.

முக்கா மணி நேரம், அண்ணாச்சி. ஒவ்வொரு சேலையா எடுத்து விரிச்சுக் காட்டுதா, மடிக்கா, அடுத்ததை விரிக்கா. என் வீட்டுக்காரி குணம் எனக்குத் தெரியும், முப்பதை விரிக்கச் சொல்லி ஒண்ணை எடுப்பா. இவ முகம் சுளிக்கல. "அக்கா நிறத்துக்கு இந்த அரக்கு நல்லாருக்கும்க்கா"ங்கா. ரெண்டு மூணு தடவை தலையைத் தூக்கி என்னைப் பாத்தா. பாத்துட்டு மறுபடி சேலையை மடிக்கா. திட்டியிருந்தாக்கூட பதில் சொல்லியிருப்பேன். ஊரைக் கூட்டி, இந்த ஆளுதான்னு கையைக் காட்டியிருந்தாக்கூட நான் பேசிக்கிடுவேன். பேசாம மடிச்சா என்ன செய்யிறது?

எனக்கு வயித்தைப் புரட்டிக்கிட்டு வந்துச்சு. காலைல ஜங்சன்ல ஒரு ஓட்டல்ல பூரி சாப்பிட்டேன். அந்தக் கெழங்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு, முந்தின நாள் கெழங்கு. அதான். கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு வெளிய ஓடுனேன். ரோட்டோரச் சாக்கடைக்கிட்ட குனிஞ்சவன்தான், குடலே வெளிய வந்துரும் போல இருந்துச்சு. நானு! மத்தவன் எச்சி துப்புனாலே ஒதுங்கிப் போறவன், நடு ரோட்டுல, நாலு பேரு பாக்க. சட்டையெல்லாம் தெறிச்சிட்டு.

யாரோ நெத்தியைத் தாங்கிப் பிடிச்சாங்க. என் வீட்டுக்காரின்னுதான் நினைச்சேன். நிமிந்து பாத்தா இவ. நான் வாந்தி எடுத்தது அவ கையிலயும் பட்டிருக்கு, அதை அவ பாக்கக்கூட இல்ல. தண்ணி பாட்டிலைத் திறந்து வாயைக் கொப்பளிக்கச் சொன்னா. படியில உக்கார வச்சா. என் மணிக்கட்டைப் பிடிச்சு, தன் வாட்சைப் பாத்துக்கிட்டே நாடி பாத்தா. உதடு மட்டும் அசையுது. ஒரு நிமிசம் பூராவும் எண்ணுனா.

"ஒண்ணுமில்ல சார். கொஞ்சம் வேகமா ஓடுது. அஞ்சு நிமிசம் உக்காந்துட்டு எந்திரிங்க"ன்னா. உள்ள இருந்து சூப்பர்வைசர் கத்துனான், அவ கையைக் கழுவிக்கிட்டுப் போயிட்டா.

என் வீட்டுக்காரி பையோட வந்து பக்கத்துல உக்காந்தா. கடை வாசலையே பாத்துக்கிட்டு இருந்தவ கேட்டா, "யாருங்க அந்தப் பொண்ணு? நர்ஸு மாதிரில்லா கையைப் பிடிச்சுப் பாக்கா?"

"தெரியல. சேலைக்கடைப் பொண்ணு"ன்னேன்.

என்ன அண்ணாச்சி, அப்படிப் பாக்கீங்க? சேலைக்கடையில நிக்கிறவளை வேற என்னன்னு சொல்லச் சொல்லுதீங்க?